நாஷ்வில் கல்லூரியின் ஓட்டக் குழு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் டென்னசி என்னும் மாநிலம் உள்ளது. அதன் தலைநகரான நாஷ்வில், கம்பர்லாந்து ஆற்றின் கரையில் அமைந்த நகரம். அந்நகரில் 1912ஆம் ஆண்டில் கறுப்பின மக்களுக்கென ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. முதலில் அங்குப் பயில வந்தோர் 247 பேர். வேளாண்மையும் கைத்தொழிலும் ஆசிரியத் தொழிலுமே அங்குக் கற்பிக்கப்பட்டன. பின்னர் அது கல்லூரியாக வளர்ந்து, 1951இல் பல்கலைக்கழகம் என்னும் தகுதியையும் பெற்றது. ஆயினும் பெயர் உயர்ந்த அளவிற்குப் பொருள் வளம் உயரவில்லை. மாநில அரசு வெள்ளையர் கல்லூரிகளுக்கு வாரி வழங்கியது. கறுப்பினத்தார் கல்லூரிக்கோ கிள்ளிக் கொடுத்தது.

அக்காலத்தில் தென்மாநிலங்களில் இரு இனத்தாரையும் பிரித்து வைக்கும் சட்டங்கள் இருந்தன. பள்ளி வேறு, பேருந்தில் இருக்கை வேறு, தண்ணீர்க் குழாய் கூட வேறு. வெள்ளையர் உண்ணும் விடுதியில் கறுப்பினத்தார் அமர்ந்து உண்ணுதல் இயலாது. இத்தகைய சூழலில் இச்சிறு கல்லூரியின் மாணவியர் உலகின் மிக விரைந்த பெண்டிர் எனப் பெயர் பெற்றனர் என்றால், அது எங்ஙனம் நிகழ்ந்தது என்பதை அறிதல் வேண்டும்.

பெண்கள் ஓட்டப் பந்தயங்களில் ஈடுபடுதல் தகாது என்னும் எண்ணம் அமெரிக்க நாட்டில் அப்பொழுது வலுப்பெற்றிருந்தது. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயத்தில் பெண்கள் 800 மீட்டர் தொலைவு ஓடினர். ஓட்டத்தின் முடிவில் அவர்கள் களைத்துப் போனதைக் கண்டவர்கள், பெண்ணின் உடல் இத்தொலைவைத் தாங்காது என்று கூறி அப்பந்தயத்தையே நீக்கிவிட்டனர். அது மீண்டும் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1960ஆம் ஆண்டில்தான். ஆடவரும் ஓடி முடித்தபின் களைக்கத்தான் செய்கின்றனர். அதனை யாரும் குறையாகக் கருதியதில்லை. வெள்ளையர் கல்லூரிகள் பலவற்றில் உடற்கல்வி ஆசிரியைகளே பெண்களின் போட்டிகளை எதிர்த்தனர். இங்ஙனம் பெரிய கல்லூரிகள் கைவிட்ட துறையைக் கறுப்பினத்தாரின் சிறு கல்லூரிகள் சில கையில் எடுத்துக்கொண்டன.

அவற்றுள் முதன்மையாக நின்றது அலபாமா மாநிலத்திலுள்ள தஸ்கீகிக் கல்விநிலையம். அங்குக் கிளீவ்லாந்து அபட் என்னும் ஆசிரியர் 1920களின் இறுதியிலேயே பெண்களுக்கு ஓட்டப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். 1930களிலும் 1940களிலும் தேசியப் பந்தயங்களில் தஸ்கீகிப் பெண்கள் பலமுறை வெற்றி பெற்று வந்தனர். அபட்டின் மகளான ஜெசி அபட் 1940களில் நாஷ்வில் கல்லூரிக்கு வந்து, அங்கும் ஒரு பெண்கள் குழுவை உருவாக்கினார். விதை தஸ்கீகியிலிருந்து வந்தது எனலாம். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் நாஷ்வில் கல்லூரி மாணவி ஆட்ரி பாட்டர்சன் 200 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கப் பெண் அவரே. மறுநாள் தஸ்கீகியில் பயின்ற ஆலிஸ் கோச்மன் உயரத் தாண்டலில் பொற்பதக்கம் பெற்றார்.

1950ஆம் ஆண்டில் அக்கல்லூரியிலேயே பயின்று பட்டம் பெற்ற எட் டெம்பிள் என்னும் இளைஞரைக் கல்லூரித் தலைவர் வால்டர் டேவிஸ் அழைத்தார். பென்சில்வேனியாவிலுள்ள ஹாரிஸ்பர்க் நகரில் பிறந்தவர் டெம்பிள். ஓட்ட வீரராகவே இக்கல்லூரிக்கு வந்து சேர்ந்தவர். பெண்களுக்கு ஓட்டப் பயிற்சி அளிக்க வேண்டும், கல்லூரியின் அஞ்சல் நிலையத்தையும் கவனித்துக்கொள்ள வேண்டும், மேற்படிப்பும் படிக்கலாம் என்பது ஏற்பாடு. மாத ஊதியம் 150 டாலர். அக்காலத்திலும் அது பெருந்தொகையன்று. பின்னர் அவர் சமூகவியல் ஆசிரியராகவும் விளங்கினார். காலையில் வகுப்பறை, இடையில் அஞ்சல் நிலையம், மாலையில் ஓட்டக்களம் என அவருடைய நாள் கழிந்தது. அவர் மனைவியார் சார்லி அம்மையாரும் அஞ்சல் நிலையத்தில் பணியாற்றினார். வீட்டை விட்டு வந்த பெண்களுக்கு அவரே தாயாகவும் இருந்தார்.

ஓட்டக்களம் என்று சொல்லும்படி அங்கு ஒன்றும் இல்லை. அமெரிக்கக் கால்பந்து ஆடும் திடலைச் சுற்றிக் கோடிடப்படாத மண்பாதை ஒன்று இருந்தது. டெம்பிள் தம் கைப்பொருளைச் செலவிட்டு அதில் கோடிட்டார். ஊர்திச் செலவிற்கும் பணம் போதாது. பந்தயம் நடக்கும் ஊருக்கு மாணவியரைத் தம் காரிலேயே ஏற்றிக்கொண்டு ஓட்டிச் செல்வார். வழியிலுள்ள உணவு விடுதிகளில் அவர்களுக்கு இடமில்லை. ஆகவே கட்டுச்சோறு கொண்டு செல்லவேண்டும். கழிப்பறைகளும் அவர்களுக்கு மூடப்பட்டே இருந்தன. எங்கேனும் வயல்வெளியில் காரை நிறுத்தவேண்டியிருந்தது. இரவு முழுவதும் நெருங்கி அமர்ந்து பயணம் செய்து, காலையில் இறங்கிக் கால்களை உதறிக்கொண்டு ஓடச் சென்ற பெண்களே வெற்றியோடு திரும்பினர்.

விளையாட்டில் சிறந்தவர்களுக்கு உதவித்தொகை அளிக்கும் வழக்கம் அந்நாட்டில் உண்டு. ஆயினும் அது ஆடவருக்கே உரியதாக இருந்தது. நாஷ்வில் மாணவியர் நாள்தோறும் இரண்டு மணி நேரம் கல்லூரியில் ஏதேனும் ஒரு வேலை செய்து, அதனால் தம் படிப்புச் செலவை ஈடுசெய்தனர். ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடித் திரும்பியவரும் மறு வாரம் அவ்வேலைக்குச் செல்ல வேண்டியவரே.

டெம்பிளின் கட்டுப்பாடு கடுமையானது. குறித்த நேரத்தில் விடுதிக்குத் திரும்பவேண்டும். பாடங்களில் தேர்ச்சி குறையலாகாது. பிறர் முன் தோன்றும்பொழுது உடையும் நடையும் திருத்தமாக இருத்தல் வேண்டும். ஓடி முடித்த பெண் வியர்வையைத் துடைத்துத் தலையை வாரிக்கொண்ட பின்னரே படமெடுப்போர் முன் நிற்கலாம். ஓடும் பெண்கள் பெண்மையை இழப்பர் என்று ஏளனம் செய்தோருக்கு அவர் அளித்த விடை அது. பயிற்சிக்குத் தாமதமாக வருபவர் எத்துணை நிமிடம் தாமதித்தாரோ அத்துணைச் சுற்றுகள் கூடுதலாக ஓடவேண்டும். ஒருமுறை ஒரு மாணவி அயர்ந்து உறங்கி முப்பது நிமிடம் பிந்தி வந்தார்; முப்பது சுற்றுகள் ஓடினார். மறுநாள் முப்பது நிமிடம் முந்தி வந்து ஓட்டப்பாதையில் அமர்ந்திருந்தார். அம்மாணவியைப் பற்றிப் பின்னர்க் காணலாம்.

கல்லூரியின் விளையாட்டுச் சின்னம் புலி. அதற்கேற்ப மகளிர் குழுவினர் ‘டைகர்பெல்ஸ்’ என்று அழைக்கப்பட்டனர். புலி என்னும் சொல்லும், தென்மாநில அழகியரைக் குறிக்கும் சொல்லும் இணைந்த பெயர் அது. குழுவில் முதலில் சேர்ந்தோர் மிகச் சிலரே. 1952இல் நியூயார்க்கிலிருந்து மே பாக்ஸ் என்னும் பெண் வந்து சேர்ந்தார். உருவத்தில் சிறியவர், ஆனால் 1948இல் பதினாறாம் வயதிலேயே ஒலிம்பிக் களத்தைக் கண்டவர். 1952இல் ஹெல்சிங்கியில் தொடரோட்டத்தில் பொற்பதக்கம் பெற்ற அமெரிக்கக் குழுவில் அவரும் ஒருவர். பின்னாளில் வந்தவர்கள் அவரையே குழுவின் தாய் எனப் போற்றினர். 1955ஆம் ஆண்டில் நாஷ்வில் குழு தேசியப் பட்டத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது. முன்னர்த் தஸ்கீகிக்கு உரியதாயிருந்த முதலிடம் நாஷ்வில் நகருக்கு வந்தது.

டெம்பிள் கையாண்ட வழிகளுள் சிறப்பானது கோடைப் பயிற்சி. கல்லூரிக்கு வரும்வரை காத்திராமல், பள்ளிப் பருவத்திலேயே திறமை மிக்க பெண்களை அவர் கண்டறிந்தார். பள்ளிப் போட்டிகளுக்குச் சென்று பார்ப்பார். பிடித்தவர்களின் பெற்றோரிடம் பேசி, கோடை விடுமுறையில் நாஷ்விலுக்கு அழைத்து வருவார். வெயில் ஏறுமுன் விடியற்காலையில் ஒரு பயிற்சி. பின்னர் மேலும் இரண்டு. கரடுமுரடான நிலத்தில் தொலைவோட்டம், பின் குறுவிரைவோட்டம், பின் புறப்பாட்டுப் பயிற்சி. இவற்றைத் தாங்கி நின்றவரே பின்னர்க் கல்லூரியில் இடம் பெற்றனர். உடலை இறுக்கிக்கொண்டு ஓடுபவர் விரைவை இழப்பர் என்பது டெம்பிளின் கொள்கை. ஆகவே கைகளையும் தோள்களையும் தளர்த்தி, முழங்காலை உயர்த்தி ஓடப் பழக்கினார்.

அங்ஙனம் அவர் கண்டெடுத்தவருள் ஒருவர் வில்மா ருடால்ப். நாஷ்விலிலிருந்து ஏறத்தாழ 50 மைல் தொலைவிலுள்ள கிளார்க்ஸ்வில் ஊரைச் சேர்ந்தவர். 1940இல் குறைமாதத்தில் பிறந்தவர். அவருடைய தந்தைக்கு மக்கள் இருபத்திருவர். அவர்களுள் வில்மா இருபதாமவர். இளமையில் இளம்பிள்ளைவாதம் தாக்கியதால் அவருடைய இடக்கால் வலுவிழந்தது. கறுப்பினத்தாருக்கு மருத்துவம் செய்யும் மெகாரி மருத்துவக் கல்லூரி நாஷ்விலில் இருந்தது. வாரந்தோறும் தாயார் அவரைப் பேருந்தில் அங்கு அழைத்துச் சென்றார். வீட்டில் தாயாரும் உடன்பிறந்தாரும் முறைவைத்து நாள்தோறும் அக்காலைப் பிடித்துவிட்டனர். பல்லாண்டுகள் காலில் இரும்புத் தாங்கியோடு நடந்த அச்சிறுமி, பின்னர் அதனைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடைப்பந்து ஆடத் தொடங்கினார். ஆட்டத்தின்பொழுது அவர் துள்ளி ஓடிய வகையைக் கண்ட டெம்பிள், இவர் ஓட்டத்திற்கு உரியவர் என முடிவு செய்தார்.

தொடக்கம் வெற்றியாக அமையவில்லை. தஸ்கீகியில் நடந்த பள்ளி மாணவியர் போட்டியில் தாம் கலந்துகொண்ட ஓட்டம் ஒவ்வொன்றிலும் வில்மா தோற்றார். இயற்கை தந்த விரைவு மட்டும் போதாது என்பதை அன்று உணர்ந்தார். 1956ஆம் ஆண்டில் ஒலிம்பிக் தேர்வுப் பந்தயத்திற்குச் சென்றபொழுது அவருக்கு அச்சம் மேலிட்டது. மே பாக்ஸ் அவரை அருகழைத்து, மற்றவரைப் பாராமல் தம்மோடு ஒட்டி ஓடிவந்தால் போதும் என்று அறிவுறுத்தினார். வில்மா அவ்வாறே ஓடித் தேர்வு பெற்றார். தமக்குப் போட்டியாக வளர்ந்துவரும் சிறுமிக்கு மூத்தவர் ஒருவர் இவ்வாறு வழிகாட்டுதல் எளிதன்று. இக்குழுவில் இப்பழக்கம் வழிவழியாகத் தொடர்ந்து வந்தது.

அவ்வாண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கிற்கு டெம்பிளிடம் பயிற்சி பெற்ற பெண்கள் அறுவர் சென்றனர். வில்மா 200 மீட்டர் ஓட்டத்தில் தொடக்கச் சுற்றிலேயே வெளியேறினார். ஆனால் தொடரோட்டத்தில் மே பாக்ஸ், மார்கரெட் மாத்யூஸ், வில்மா ருடால்ப், இசபெல் டேனியல்ஸ் ஆகிய நால்வரும் வெண்கலப் பதக்கம் பெற்றனர். நால்வரும் டெம்பிளின் மாணவியரே. நீளத் தாண்டலில் வில்யீ ஒயிட் வெள்ளிப் பதக்கம் பெற்றார். வில்மாவும் வில்யீயும் அப்பொழுது பள்ளி மாணவியர்.

1960ஆம் ஆண்டு நாஷ்வில் நகருக்கு மறக்க முடியாத ஆண்டு. பிப்ரவரித் திங்களில் அந்நகரின் கறுப்பினக் கல்லூரிகளைச் சேர்ந்த மாணவர்கள் கடைத்தெருவிலுள்ள உணவுமேடைகளில் அமர்ந்து அறப்போர் தொடங்கினர். நாஷ்வில் மாநிலக் கல்லூரி மாணவர் பலரும் அதில் பங்கு கொண்டனர். அடித்தும் இகழ்ந்தும் அவர்களை எழுப்ப முயன்றனர். அவர்கள் திருப்பி அடிக்கவில்லை. மே 10ஆம் நாள் ஆறு கடைகளின் உணவுமேடைகள் எல்லா இனத்தாருக்கும் திறக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அக்கல்லூரி மாணவியர் உரோமாபுரியில் அமெரிக்கக் கொடியின் கீழ் நின்றனர். அமெரிக்க மகளிர் குழுவின் பயிற்சியாளராகச் சென்றவர் டெம்பிள்.

உரோமாபுரியில் முதல் ஓட்டத்திற்கு முன்பு பயிற்சியின்பொழுது வில்மாவின் கணுக்கால் பிசகியது. கட்டுப்போட்டு ஓய்வு கொடுத்தனர். செப்டம்பர் 2ஆம் நாள் 100 மீட்டர் ஓட்டத்தை அவர் 11.0 வினாடிகளில் முடித்தார். பின்காற்று அளவிற்கு மிஞ்சி வீசியமையால் அது உலகச் சாதனையாகக் கொள்ளப்படவில்லை. பொற்பதக்கத்திற்கு அதனால் குறைவில்லை. மூன்று நாட்களுக்குப்பின் எதிர்காற்றில் 200 மீட்டர் ஓடி இரண்டாம் பொற்பதக்கத்தைப் பெற்றார்.

மூன்றாவது தொடரோட்டம். நால்வர் ஆளுக்கு 100 மீட்டர் ஓடி, ஒரு குறுந்தடியைக் கைமாற்றிக் கொண்டுசெல்லும் போட்டி இது. தடி கைமாற வேண்டிய எல்லை அக்காலத்தில் 20 மீட்டர். அதற்குள் தருபவரும் பெறுபவரும் ஒரே விரைவில் ஓடவேண்டும். பெறுபவர் முந்திப் புறப்பட்டால் எல்லை கடந்துவிடுவார். பிந்திப் புறப்பட்டால் இருவரும் மோதிக்கொள்வர். நான்கு சிறந்த ஓட்டக்காரரைச் சேர்த்து நிறுத்தினால் மட்டும் வெற்றி கிட்டாது. ஒருவர் அடியளவை மற்றவர் அறிந்திருத்தல் வேண்டும். ஏனைய நாடுகளில் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள் சில நாட்களே கூடிப் பழகினர். அமெரிக்கக் குழுவிலோ மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ், வில்மா ருடால்ப் ஆகிய நால்வரும் ஒரே கல்லூரியின் மண்பாதையில் சேர்ந்து பழகியவர்கள். அரையிறுதிச் சுற்றில் 44.4 வினாடிகளில் ஓடி உலகச் சாதனை நிகழ்த்தினர். இறுதி ஓட்டத்தில் ஒரு தடங்கல் நேர்ந்தது. மூன்றாமவர் கையிலிருந்து தடி வில்மாவிடம் செல்லும்பொழுது பிடி நழுவப் பார்த்தது. வில்மா வேகத்தைக் குறைத்துப் பற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்குள் ஜெர்மானிய வீராங்கனை முந்தினார். ஆனால் எல்லைக்கோட்டை முதலில் தொட்டவர் வில்மாவே. ஒரே ஒலிம்பிக்கில் ஓட்டத்திலும் களப்போட்டியிலும் மூன்று பொற்பதக்கம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் அவர். முன்னொரு நாள் முப்பது சுற்று ஓடியவரும் அவரே. அதே கல்லூரி மாணவரான ரால்ப் பாஸ்டன் ஆடவர் நீளத் தாண்டலில் 8.12 மீட்டர் தாண்டிப் பொற்பதக்கம் பெற்றதையும் இங்குக் குறிப்பிடுதல் தகும்.

கிளார்க்ஸ்வில் நகரத்தார் அவருக்கு வரவேற்பு விழா எடுக்க விரும்பினர். அங்கும் இனப் பிரிவினை நிலவியது. இனம் பிரித்து நடத்தப்படும் விழாவிற்குத் தாம் வாரார் என்று வில்மா கூறிவிட்டார். நகரத்தார் இசைந்தனர். அக்டோபர் 4ஆம் நாள் நடந்த ஊர்வலமும் விருந்துமே அந்நகரில் இரு இனத்தாரும் ஒன்றாகக் கலந்துகொண்ட முதல் பொதுநிகழ்ச்சியாகும்.

வில்மா 1962இல் ஓட்டத்திலிருந்து விலகினார். அவர் இடத்தை நிரப்புவோர் அதற்குள் அணியமாயிருந்தனர். ஜார்ஜியா மாநிலத்திலிருந்து கோடைப் பயிற்சிக்கு வந்த எடித் மக்குவயரும் வயோமியா டையசும் 1964இல் டோக்கியோ சென்றனர். டையசுக்குரிய காலம் 1968தான் என்று டெம்பிள் எண்ணியிருந்தார். எடித்தே வெல்வார் என்று பலர் எதிர்பார்த்தனர். ஆனால் பத்தொன்பது வயது டையஸ் 100 மீட்டரில் தம் தோழியை முந்தி முதலிடம் பெற்றார். எடித் 200 மீட்டரில் பொற்பதக்கம் பெற்றார். ஆசிரியரின் கணக்கு ஒருவகையில் பிழைத்தது. இன்னொரு வகையில் பிழைக்கவில்லை. 1968இல் மெக்சிக்கோ நகரில் டையஸ் அதே ஓட்டத்தில் உலகச் சாதனையோடு மீண்டும் வென்றார். ஒலிம்பிக் 100 மீட்டர் பட்டத்தை அடுத்தடுத்து இருமுறை பெற்றவர் ஆடவரிலோ பெண்டிரிலோ அவருக்குமுன் எவருமிலர். இனச் சமத்துவத்திற்காக எழுந்த கிளர்ச்சிக்குத் துணை நிற்பதாகக் காட்ட, அவர் குழுவின் வெள்ளை நிறக் கால்சட்டைக்கு மாறாகக் கருநிறக் கால்சட்டை அணிந்து ஓடினார். அதே களத்தில் நாஷ்வில் மாணவி மாடலின் மானிங், பெண்ணுடல் தாங்காது என்று ஒருகாலத்தில் நீக்கப்பட்ட 800 மீட்டர் ஓட்டத்தில் பொற்பதக்கம் பெற்றார்.

இவ்வாண்டில்தான் கல்லூரிக்கு டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் என்னும் பெயர் ஏற்பட்டது. 1972இல் அரசின் உதவி பெறும் கல்விநிலையங்கள் ஆண் பெண் வேறுபாடு காட்டலாகாது என்னும் சட்டம் அமெரிக்க நாட்டில் நிறைவேறியது. அதன்பின் செல்வம் மிக்க பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கும் உதவித்தொகை அளித்து, நல்ல ஓட்டக்களங்களும் அமைத்தன. பெண்கள் அனைவருக்கும் அது நன்மையாயிற்று; சிறு கல்லூரிக்கோ இழப்பாயிற்று. முன்பு நாஷ்விலை நாடி வந்திருக்கக்கூடிய பெண்களுக்கு வேறு பல வாயில்கள் திறந்தன. ஆயினும் குழு அழிந்துவிடவில்லை. 1976இல் கதி மக்மில்லன் நீளத் தாண்டலில் வெள்ளி பெற்றார். 1984இல் சாண்ட்ரா சீஸ்பரோ இரு தொடரோட்டங்களிலும் பொன்னும், 400 மீட்டரில் வெள்ளியும் பெற்றார்.

டெம்பிள் 44 ஆண்டுகள் பணியாற்றினார். அவரிடம் பயின்று ஒலிம்பிக் சென்ற பெண்கள் நாற்பதின்மர். அவர்கள் பெற்ற பதக்கங்கள் 23. அவற்றுள் 13 பொன். அந்நாற்பதின்மருள் ஏறத்தாழ அனைவரும் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள். பதக்கக் கணக்கைவிட இக்கணக்கையே அவர் பெருமையுடன் கூறிவந்தார். ஓடும் கால்களுக்கு முதுமை விரைவில் வரும் என்பதை அவர் அறிந்தவர். அவர் கோடிட்ட மண்பாதைக்கு மாறாக நல்லதோர் ஓட்டக்களம் 1978இல் அவர் பெயரால் அமைக்கப்பட்டது. வில்மாவும் மே பாக்சும் பார்பரா ஜோன்சும் எட்டிய புகழுக்கு அடிகோலிய பழைய மண்பாதையில் இவ்வசதி ஏதும் இருந்ததில்லை.

1994இல் டெம்பிள் ஓய்வு பெற்றார். அவருக்குப்பின் அக்களத்தில் பயிற்சியாளராக நின்றவர் அவருடைய மாணவியான சாண்ட்ரா சீஸ்பரோ. 2015இல் நாஷ்வில் நகரில் டெம்பிளுக்குச் சிலை எழுப்பினர். அவ்விழாவில் அவரும் கலந்துகொண்டார். மறு ஆண்டு செப்டம்பரில், தம் எண்பத்தொன்பதாம் பிறந்தநாள் கழிந்த சில நாட்களில், அவர் காலமானார்.